உன் அத்தானின் கண்ணாடி கறிக்கடையில் இருக்கிறது

அன்புள்ள தங்கைக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த இடத்தில் நானும் சுகம் என்று எழுத வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்குக் கடிதத்தில் மனப்பாடமாகத் தெரிந்தது அந்த ஒரு வரிதான். ஆனால் பொய் எழுதக் கை வரவில்லை. எனக்குப் பேரதிர்ச்சி. உன் அத்தான் போனதைச் சொல்லவில்லை, அதை நீயே வந்து பார்த்து அழுதுவிட்டுப் போனாய். இது அதற்கப்புறம் வந்தது. நீ பஸ் ஏறிய மறுநாள் காலையில் எங்கள் மகளிர் குழு என் வீட்டுக்குள் புகுந்துவிட்டது.

சிரிக்காதே. நானும் அந்தக் குழுதான், ஆரம்பித்த மூன்று பேரில் ஒருத்திதான். உனக்கு அதன் கதை முழுசாகத் தெரியாது. எங்கள் குழு பிறந்ததே டம்ளர் கழுவுகிற இடத்தில். அச்சாபீஸ்காரர் இறந்தபோது துக்கம் கேட்கப் போனோம். வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அழுதார்கள். புருஷனைப் பறிகொடுத்தவளோ வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுப் போட்டு அடுப்பு முன்னாலேயே மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்கிப் படுக்க வைத்துவிட்டு நானும் தையல்காரியும் சாவியம்மாவும் டம்ளர்களைக் கழுவினோம். சாவியம்மா, அதுதான், இடுப்பில் ஒரு கொத்துச் சாவியைச் செருகிக்கொண்டு சலங்கை கட்டியவள் மாதிரி வருவாளே, அவள்தான். "இனிமே துக்க வீட்டுல எவளும் டீ குடிக்கக் கூடாது, குடிச்சா டம்ளரைக் கழுவிட்டுத்தான் வெளியே போகணும்" என்றாள். அதுதான் முதல் சட்டம். எழுதியெல்லாம் வைக்கவில்லை, அவள் வாயில் வந்தால் சட்டம்.

இரண்டாவது சட்டம் வாத்தியார் வீட்டில் வந்தது. "என்னம்மா வேணும்?" என்று கேட்டோம். "ஒண்ணும் வேண்டாம்" என்றாள் வாத்தியார் மனைவி. நாங்களும் நல்ல பிள்ளைகளாகத் திரும்பிவிட்டோம். அப்புறம் பார்த்தால் அந்த வீட்டில் உப்பைத் தவிர எதுவும் இல்லை. அன்றிலிருந்து யாரையும் கேட்கக் கூடாது, உள்ளே போய்ச் செய்ய வேண்டியதுதான். மூன்றாவது சட்டம் தையல்காரியாலேயே வந்தது. புருஷன் போனதும் அவர் சட்டையை நாற்காலியில் உட்கார வைத்து அதற்கும் ஒரு தட்டுப் போட்டாள். போட்டதோடு விட்டாளா, ஏன் சாப்பிடவில்லை என்று அதோடு சண்டையும் பிடித்தாள். சாவியம்மாவும் நானும் போய்ச் சட்டை, செருப்பு, சீப்பு வரைக்கும் எடுத்து இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். அவளும் தேறினாள். அன்று முதல், போனவர் சாமான் ஒன்றுகூட வீட்டில் தங்கக் கூடாது.

நல்ல சட்டங்கள்தான். எத்தனை வீட்டில் நானே முன்னால் நின்று செய்திருக்கிறேன்! ஆனால் நம் வீட்டு வாசலில் சாவிச் சத்தம் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது பார். வாளி, துடைப்பம், பின்னால் ஒரு படை. "நீ உட்காரு" என்று சொல்லிச் சாவியம்மா என் கையில் ஒரு டம்ளர் பாலைத் திணித்தாள். எனக்கு ஒண்ணும் வேண்டாம் என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றாள். அது நான் சொல்கிற வசனமடி! அதை என்னிடமே சொல்கிறாள்! நான் பாலைக் குடித்து முடிப்பதற்குள் அலமாரி காலி, பீரோ காலி, அவர் தலைவைத்துத் தலைவைத்துச் சுவரில் விழுந்திருந்த எண்ணெய்க் கறைகூடக் காலி. உப்பு ஜாடியை எங்கேயோ மாற்றி வைத்துவிட்டார்கள். என் வீட்டு உப்பு எங்கே இருக்கிறது என்று சாவியம்மாவைப் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

அதோடு போகட்டும் என்று பார்த்தால் தெருவில் இறங்க முடியவில்லை. பஸ் நிறுத்தத்தில் நீலக் கட்டம் போட்ட சட்டை, அதே கூன் முதுகு. நான் எதையும் யோசிக்கவில்லை, "மாத்திரையைப் போடாம எங்கே கிளம்பிட்டீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம் போட்டேன். திரும்பினால் தபால்காரர்! பாவம், பயந்துபோய், "இதோ போட்டுக்கறேம்மா" என்றார். அவருக்கு என்ன மாத்திரையோ. அடுத்த தெருவில் வெள்ளையடிக்கிறவர் ஏணி மேல் நிற்கிறார், கால்சட்டை உன் அத்தானுடையது. அதன் மேல் சுண்ணாம்பு சொட்டுகிறது. "புதுசுங்க அது, இறங்குங்க!" என்று கத்தினேன். ஏணி புதுசு என்று நினைத்து அவர் இறங்கியே விட்டார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். கறிக்கடையில் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. உன் அத்தான் கண்ணாடிக் கால் உடைந்ததும் நான் நூல் சுற்றிக் கொடுத்தேனே, கறுப்பு நூல் பாதியில் தீர்ந்து மீதிக்குப் பச்சை நூல் சுற்றினேனே, புதுசு வாங்குங்கள் என்றால் இதுதான் காதைக் கடிக்காமல் இருக்கிறது என்பாரே, அந்தக் கண்ணாடி. கறிக்கடைக்காரர் மூக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. அவர் வெட்டுக் கட்டையிலிருந்து தலையைத் தூக்கி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அப்படியே உன் அத்தான், பேப்பரிலிருந்து நிமிர்ந்து பார்க்கிற மாதிரி. கழற்றுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "உங்க குழுவுக்குப் புண்ணியமாப் போகும்க்கா. இது வந்தப்புறம்தான் எலும்பு எது, என் விரல் எதுன்னு தெரியுது" என்று கட்டுப்போட்ட கட்டைவிரலைக் காட்டினார். என்ன செய்வேன் சொல்? அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அரைக் கிலோ என்பது இரண்டு பேருக்கு என்று வீட்டுக்கு வந்து பாத்திரத்தில் கொட்டும்போதுதான் தெரிந்தது.

நேரே குழு அறைக்குப் போனேன். "எனக்கு அந்தக் கண்ணாடி மட்டும் வேணும்" என்றேன்.

"எதுக்கு? உனக்குப் பார்வை நல்லாத்தானே இருக்கு?" என்றாள் சாவியம்மா.

தையல்காரி ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். "சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்" என்றாள் சாவியம்மா. "அப்போ நான் இனிமே குழுவுல இல்ல" என்றேன். "சரி, இல்ல. நாளைக்கு ஜன்னல் கழுவ வருவோம், கதவைத் திறந்து வை" என்கிறாள்! நெஞ்சில் ஈரம் இருக்கிறவள் பேசுகிற பேச்சா?

ஆகையால் தங்கச்சி, நீ தயவுசெய்து ஒரு வண்டி பிடித்துக்கொண்டு வந்து என்னைக் கூட்டிப் போய்விடு. உன் வீட்டில் ஒரு மூலை போதும். அவர் உட்கார்ந்த இடம், படுத்த இடம் எல்லாம் துடைத்து வைத்த வீட்டில் நான் யாருக்குக் காவல் இருப்பது? இந்தப் பெண்கள் முகத்தில் இனி விழிக்க மாட்டேன், இது சத்தியம்.

உன் குடும்பம் குறைவில்லாமல் இருக்கட்டும். பிள்ளைகள் கன்னத்தைக் கிள்ளி இது பெரியம்மா கொடுத்தது என்று சொல். உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தையல்காரி வந்தாள். கடிகாரக் கடைக்காரர் போய்விட்டாராம், கிளம்புங்க என்றாள். நான்தான் குழுவிலேயே இல்லையே என்றேன். அவள் ரவிக்கை ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். உள்பக்கம் ஓர் ஆம்பளைச் சட்டைப் பொத்தான் தைத்திருந்தது. "நீங்க சட்டையை எடுக்க வர்றதுக்கு முன்னாடியே பிச்சு வச்சுட்டேன்க்கா" என்றாள். இத்தனை வருஷமாக! இது மட்டுமா? "சாவியம்மா கொத்துல துருப்பிடிச்ச சாவி ஒண்ணு இருக்கே, பார்த்திருக்கீங்களா? அவங்க வீட்டுக்காரர் சைக்கிளோடது. அவர் போனதும் சைக்கிளைப் பால்காரருக்குக் கொடுத்தாங்க, சாவியைக் கொடுக்கல. பால்காரர் இன்னும் கயிறு போட்டுக் கட்டிட்டுப் போறார்." அப்படியானால் இந்த ஊரில் சட்டத்தை மதித்த முட்டாள் நான் ஒருத்திதானா?

போனேன். கடிகாரக்காரர் மனைவி "ஒண்ணும் வேண்டாம்" என்றாள். நான் கேட்கவே இல்லை, பால் டம்ளரைக் கையில் கொடுத்தேன். சாமான்களை மூட்டை கட்டினோம். அவர் ஒற்றைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு கடிகாரத்தைக் குடைவாரே, அந்தக் குட்டிக் கண்ணாடி, அதை மட்டும் அவள் தலையணை உறைக்குள் போட்டுவிட்டேன். நிமிர்ந்தால் சாவியம்மா. பார்த்துவிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சாவிக் கொத்தைச் சரிசெய்துகொண்டாள், வெகு நேரம்.

ஆகவே வண்டி வேண்டாம், நீயும் இப்போது வர வேண்டாம். நாளைக்கு இரண்டு வீட்டு ஜன்னல் கழுவ வேண்டியிருக்கிறது. உன் வீட்டுக்காரரின் பழைய கண்ணாடி ஏதாவது கிடந்தால் மட்டும் அனுப்பு. அவர் நல்லபடியாக இருக்கும்போதே கேட்கிறேனே என்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். கறிக்கடைக்காரருக்கு அதில் விரல் தெரிந்தால் போதும், பச்சை நூல் சுற்றினதைக் கழற்றித் தருவார்.