செண்பகத்தோப்புச் செல்வி

“அந்தச் செண்பகத்தோப்புச் செல்வி யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும் பாண்டிதுரை. ஒங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும்” என்றார் பேரூராட்சித் தலைவர் யுவராணி.

பாண்டிதுரை எங்கே போய்த் தேடுவார்? செல்வியே அவர்தானே.

ராஜபாளையம் பக்கத்தில் ஒரு பேரூராட்சி. பேர் வேண்டாம், அவர்களும் ஃபேஸ்புக் பார்க்கிறார்கள். அங்கே கிளார்க் பாண்டிதுரை, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். அரசு ஊழியன் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. மனுஷனுக்கோ பேசாவிட்டால் சோறு இறங்காது. ஆகவே ஒரு ரோஜாப்பூ படத்தை ஒட்டி, செண்பகத்தோப்புச் செல்வி என்று ஃபேஸ்புக்கில் கணக்குத் திறந்து, வராத தண்ணீர், எரியாத விளக்கு என்று தலைவரையும் ஆபீஸ்காரர்களையும் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார். ஊரே ரசித்தது. மாட்டினால் வேலை போய்விடும். தை மாதம் மகள் கல்யாணம் வேறு. அரசாங்க உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண் என்றுதான் மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்திருந்தார்கள்.

ஆள் சிங்கப்பூரில் இருக்கிறாள், பிடிக்க ஏலாது என்று தலைவரிடம் அளந்துவிட்டார். அப்படியானால் சைபர் கிரைமுக்கே எழுதுங்கள், கையெழுத்து நான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார் யுவராணி. தன்னைப் பிடித்துத் தரும்படி தானே உட்கார்ந்து மனு டைப் அடித்த பாவி உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மனு போவதற்குள் தலைவரைக் குளிர வைக்க நினைத்தார். ‘எங்கள் தலைவர் ஆட்சியில் குழாயில் இளநீரே வருகிறது’ என்று செல்வி மனதாரப் புகழ்ந்தாள். ஊர் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு தளவாய்புரம் வரைக்கும் பரப்பியது. மறுநாள் நாலு பெண்கள் குடத்தோடு ஆபீசுக்கே வந்து இளநீர் கேட்டார்கள்.

யுவராணி பாண்டிதுரையைக் கூப்பிட்டார்.

“இந்த ஆபீஸ்ல எல்லாரையும் வஞ்சிட்டா. ஒங்கள மட்டும் ஏன் விட்டு வச்சிருக்கா?”

அன்றைக்கே செல்வி பாண்டிதுரையையும் பிடித்தாள். நம்பும்படி இருக்க வேண்டுமே என்று கொஞ்சம் உண்மையையும் கலந்தார். ‘வீட்டு வரிப் பெயர் மாற்றத்துக்குப் போனால், பால்கோவா டப்பா இல்லாமல் கிளார்க் பாண்டிதுரை ஃபைலைத் தொட மாட்டார்!’

பதிவுக்குக் கீழே ஜனங்கள் வரிசையாக வந்து, ஆமாம், நானும் கொடுத்தேன் என்று படத்தோடு சாட்சி சொன்னார்கள்.

அடுத்த வாரம் சஸ்பென்ஷன் ஆர்டர் வந்தது. பாண்டிதுரை தலைவரின் அறைக்கு ஓடினார்.

“எவளோ ஒருத்தி ஃபேஸ்புக்ல எழுதுனா அது ஆதாரமா மேடம்?”

“அவளுக்கும் கருத்துச் சுதந்திரம் இருக்குல்ல” என்றார் யுவராணி.

பொய் என்று சாதிக்க வேண்டுமானால், எழுதியதே நான்தான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் சஸ்பென்ஷனில் கிடைக்கிற அரைச் சம்பளமும் போய்விடும். மகள் முகம் கண்ணில் நிற்க, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பியூன் கண்ணுச்சாமி கூடவே வந்து அதை வாங்கிக்கொண்டான்.

“செல்வி நீங்கதான்னு மேடத்துக்கு மொதல்லயே தெரியும் சார். அந்த மனுவ அவிய அனுப்பவே இல்ல. அவியள வஞ்சதுக்கு ஒங்களத் தூக்குனா கருத்துச் சுதந்திரம்னு கோர்ட்டுக்குப் போயிருவிய. அதான் ஒங்க குத்தத்த நீங்களே எழுதுத வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தாவ.”