இன்ஹோவின் ஆமென்

“எல்லாரும் கண்ணை மூடிட்டு மௌனமா இருக்கும்போது ஆண்டவர் பேசுவாரா சார்?”

ஞாயிறு வகுப்பில் ஒரு சிறுமி ஒருமுறை கேட்டாள். பேசுவார், உன்னிப்பாகக் கேட்கவேண்டும் என்று இன்ஹோ பதில் சொல்லியிருந்தார். இப்போதெல்லாம் ஜியோன்ஜு நகரத் தேவாலயத்தில் மௌன ஜெபம் தொடங்கினாலே அவருக்கு வியர்த்தது. பேசுவது அவர் வயிறு.

குடல் கட்டியை வெட்டியெடுத்த டாக்டர்கள், குடலின் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டியிருந்தார்கள். குளிர்காலம் முடிந்ததும் உள்ளே சேர்த்துத் தைத்துவிடுவார்கள். அதுவரை அது நினைத்தபோது சத்தம் போடும், அடக்க வழியில்லை. சபையில் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லிவைத்திருந்தார்.

“உண்மையைச் சொல்லிடுங்களேன்,” என்றாள் மனைவி யோன்சுக்.

“சொன்னா, பக்கத்துல எவன் உக்காருவான்?”

முதலில் இருமி மறைத்தார். மறுவாரமே ஆளாளுக்கு இருமலுக்கென்று பேரிக்காய்க் கஷாயம் கொண்டுவந்து, நின்று குடிக்கவைத்தார்கள். சத்தம் இரட்டிப்பானது. பட்டினி கிடந்து பார்த்தார். வெறும் குடல் இன்னும் வாயாடியது. கடைசியில், சத்தம் கிளம்பும்போதெல்லாம் உரக்க “ஆமென்” சொல்லத் தொடங்கினார்.

அது பலித்தது. கொஞ்சம் அதிகமாகவே பலித்தது. இன்ஹோ மேல் அருள் இறங்கியிருப்பதாக நம்பிய பாஸ்டர், அறுப்பின் பண்டிகையன்று மௌன ஜெபத்தை அவரே மைக்கில் நடத்துவார் என்று அறிவித்துவிட்டார்.

அன்று சபை தலைகுனிந்தது. சட்டைக்குள்ளிருந்து அது பேசியது, நீளமாக, மைக்கில். ஆமென் சொல்ல இன்ஹோவுக்கு நாக்கு எழவில்லை.

“ஆமென்.”

மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது குரல். கணவனை இழந்த சூனோக். பாஸ்டரின் பிரசங்கத்துக்கே தலையசைக்காதவள். அவளைத் தொடர்ந்து சபை முழுவதும் ஆமென் என்றது.

எல்லாரும் விருந்துக்குப் போனபின், செருப்பு அலமாரி அருகே அவளைத் தனியே பார்த்து நன்றி சொன்னார்.

“அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம் தம்பி. எங்க வீட்டுக்காரருக்கும் பை இருந்துச்சு. வாடைன்னு சபையில எல்லாரும் தள்ளிப் போனாங்க. கடைசிவரைக்கும் அவர் பக்கத்துல உக்காந்தது நீங்க ஒருத்தர்தான். அதுக்குத்தான் இது.”

தேவாலயத்துக்குள் நின்று பொய்யான நல்ல பெயரை வாங்கிக்கொள்ள இன்ஹோவுக்கு மனம் வரவில்லை.

“அக்கா, அந்த இடத்துலதான் ஹீட்டர் இருந்துச்சு. அதுக்காக உக்காந்தேன்.”

சூனோக் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“தெரியும் தம்பி. ஹீட்டரைப் பத்தி அவர்கிட்டதான் நான் சொல்லவே இல்ல.”