வல்லின ‘றி’ போட்ட மாறியம்மா

தனக்கு நடந்தது ஆள் மாறிப்போன கல்யாணம் என்று ஊரறியச் சொல்லிக்கொண்டே, அதே புருஷனுக்கு வேளை தவறாமல் சுடச்சுடச் சோறு போட்ட பெண்பிள்ளை விழுப்புரத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவள் எங்கள் அம்மா.

தெருவில் அவளுக்கு மாறியம்மா என்று பெயர். புதிதாகக் குடிவந்தவர்கள் அம்மன் பெயர் என்று நினைத்து, கும்பிடு போடாத குறையாகப் பேசுவார்கள். அது அம்மன் பெயர் இல்லை. ‘மாப்பிள்ளை மாறின அம்மா’ என்பது ஜனங்கள் வாயில் தேய்ந்து மாறியம்மா ஆகிவிட்டது. இடையின ‘ரி’ இல்லை, வல்லின ‘றி’. என் அக்கா பள்ளிக்கூடத்தில் தாயார் பெயரை வல்லின ‘றி’ போட்டு எழுதி, பிழைக்காக ஓர் அடியும், பிழையே இல்லை என்று வாதாடியதற்காக இன்னோர் அடியும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். ரயில்வேயில் அவருக்கு விளக்கு வேலை. பொழுது சாய்ந்தால் சிக்னல் கைகாட்டி மரங்களில் ஏறி, எண்ணெய் ஊற்றித் திரி ஏற்றிவிட்டு இறங்குவார். நைனா குள்ளம். சாதாரணக் குள்ளம் இல்லை. சந்தைக் கூட்டத்தில் அவரைத் தொலைத்துவிட்டால் கூட்டம் கலையும் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் விழுப்புரம் ஜங்ஷனிலேயே உயரத்தில் நின்று வேலை பார்த்தவரும் அவர்தான். “ஏணி வெச்சுக் குடுத்த ஒசரம்” என்பாள் அம்மா.

ரயில்வே லயன் வீட்டு வாசலில் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து, முறத்தில் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையைக் கொட்டி உரிக்கச் சொல்லிவிட்டுத்தான் அம்மா அந்தக் கதையை ஆரம்பிப்பாள். மற்ற தாய்மார்கள் ராஜா கதை சொன்னார்கள். எங்கள் அம்மாவுக்குத் தெரிந்தது அவளைப் பற்றிய கதை மட்டும்தான்.

“திண்டிவனத்துல எங்கூட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தாங்க. நான் சமையக்கட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். ரெண்டு ஆம்பள. ஒருத்தரு நெடுநெடுன்னு, மீசையும் வெள்ளச் சட்டையுமா, கேள்வி மேல கேள்வி கேட்டுக்கினு இருக்காரு. இன்னொருத்தரு மூலையில தாம்பாளத்தப் புடிச்சிக்கினு குந்திக்கினு இருக்காரு. சரி, தட்டு தூக்க இட்டாந்த ஆளுன்னு நெனச்சிட்டேன்.”

பக்கத்தில் விளக்குக் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கும் நைனா தலையைத் தூக்காமல் சொல்வார். “அந்தத் தாம்பாளம் நல்ல கனம். கீழ வெக்கலாம்னு யாரும் சொல்லல.”

“எங்கம்மா வந்து, புடிச்சிருக்காடின்னு கேட்டாங்க. புடிச்சிருக்குன்னேன்.”

“கூடத்துக்கே கேட்டுது,” என்பார் நைனா. “நான் சந்தோசப்பட்டேன்.”

“திருவாமாத்தூர் கோயில்ல கல்யாணம். குனிஞ்ச தல நிமிரல. தாலி ஏறினப்பறம்தான் நிமுந்தேன். அந்த நெட்டையானவரு எதிர்ல நின்னு அரிசி தூவிக்கினு இருக்காரு. அவரு அங்க நின்னா, இங்க கட்டினது யாருன்னு திரும்பிப் பாக்கறேன், தாம்பாளம்.”

இந்த இடத்தில் நாங்கள் சிரிப்போம். எங்களைவிட அதிகமாக நைனா சிரிப்பார். துடைக்கிற கண்ணாடியைப் பத்திரமாகத் தரையில் வைத்துவிட்டுச் சிரிப்பார். உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

கதை முடிந்ததும் அம்மா தன்னைப் பற்றிய தீர்ப்பை வாசிப்பாள். “எனக்கு அவசர புத்தி, புள்ளைங்களா. கண்ணுல மொதல்ல பட்டதப் போயி ஒட்டிக்கும். நீங்களாவது நிதானமா இருங்க.”

கதை பால்காரிக்குத் தெரியும், மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தெரியும். குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க வந்த அதிகாரி, கூரையைப் பார்க்காமல் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். அந்த வருஷம் முழுக்க ஒழுகியது.

வீட்டில் எது நடந்தாலும் அந்த நெட்டை மாமா குறுக்கே வந்து நிற்பார். உறியில் இருக்கும் சட்டியை எடுக்க நைனா முக்காலி தேடினால், “அவரா இருந்தா எக்காமலே எடுப்பாரு” என்பாள். நைனா பெப்பர்மிண்ட் வாங்கித் தர மறுத்த ஒரு நாள் தம்பி, “நெட்டை மாமாவா இருந்தா வாங்கித் தருவாரு” என்று சொல்லிவிட்டான். அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். நைனா மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. போய்ப் பெப்பர்மிண்ட் வாங்கிக்கொண்டு வந்தார்.

இப்படி வருஷக்கணக்காக எங்கள் வீட்டில் குடியிருந்த நெட்டை மாமா, ஓர் ஐப்பசி மழையில் நிஜமாகவே வந்து நின்றார். நைனாவின் அந்தப் பழைய சிநேகிதர் காட்பாடிப் பக்கம் வேலைக்குப் போனவர்; எங்கோ போய்விட்டுத் திரும்பும்போது ஜங்ஷனில் வண்டியைத் தவறவிட்டிருக்கிறார். பிளாட்பாரத்தில் நின்றவரை நைனாதான் அடையாளம் கண்டு, குடை பிடித்து அழைத்து வந்தார். குள்ளம் குடை பிடித்ததில் நெட்டையின் தோள் வரைக்கும்தான் நனையாமல் இருந்தது. தலை முழுக்க ஈரம்.

வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து அவர் உள்ளே வந்ததும் நாங்கள் மூன்று பேரும் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தோம். அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, “வாங்கண்ணே” என்றாள்.

அண்ணே. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நைனாவின் முகத்தில் மட்டும் சம்பளம் உயர்ந்த மாதிரி ஒரு களை.

மாமா உட்கார்ந்தார். தன் வயிற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். “எனக்கு எதுவும் ஒத்துக்காதும்மா, அரை வயித்துக்குப் போதும்” என்றபடி கேப்பைக் களியை உருண்டை உருண்டையாக உள்ளே தள்ளினார். கருவாட்டுக் குழம்பில் உப்பு தூக்கல் என்றார். தூக்கலான குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். தன் சம்சாரத்துக்குச் சமைக்கத் தெரியாது, தன் பையன்களுக்குப் படிப்பு வராது, தன் ஊர்த் தண்ணீர் சரியில்லை, இதெல்லாம் ஏப்பத்துக்கு நடுவே வந்தது. ராத்திரி எங்கள் ஒற்றை அறையில் அவர் நீட்டிப் படுத்ததில் கால் இரண்டும் வாசலுக்கு வெளியே போய்விட்டன. சாரல் படக்கூடாது என்று அம்மா அந்தக் கால்களுக்குக் கோணிப்பை போர்த்திவிட்டாள். காலையில் நைனாவின் குடையோடு ரயிலேறிப் போனவர்தான். குடை திரும்பவில்லை.

அன்றைக்கு அக்கா நேராகவே கேட்டாள். “ஏம்மா, நல்லவேள இந்த மனுசனக் கட்டிக்கலன்னு இப்ப தோணுதா, இல்லியா?”

நைனா திரி கத்தரித்துக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் நின்றுவிட்டது. அம்மா வாயைத் திறந்தாள். நைனாவைப் பார்த்தாள். எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். பிறகு அவளுடைய பழைய வீம்பு வந்துவிட்டது.

“என்னா இருந்தாலும் ஒசரம் ஒசரந்தானே,” என்றாள்.

நைனா சிரித்தார். கத்தரிக்கோல் மறுபடி நகர்ந்தது. நாங்களும் சிரித்தோம்.

உலகச் சண்டை வந்தது. ஆகாயத்திலிருந்து குண்டு போடுவார்கள் என்று விளக்குகளுக்கெல்லாம் மூடி போடச் சொன்னார்கள். நைனாவைத் திண்டிவனத்துக்கு மாற்றினார்கள். எங்கள் படிப்புக்காக அம்மா விழுப்புரத்திலேயே இருந்தாள். ஓய்வு நாளில் நைனா வருவார். திரும்பக் கிளம்பும்போது, “உங்கூருக்குப் பொண்ணு பாக்கப் போறேன்” என்று அம்மாவைச் சீண்டுவார். “இந்தத் தரமாவது தாம்பாளத்தக் கீழ வெய்யுங்க” என்பாள் அம்மா.

ஒரு நாள் காலையில் ரயில்வே ஆள் ஒருவர் வந்து, நைனாவுக்குக் காய்ச்சல், திண்டிவனம் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றார். அம்மா எங்களைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அடுத்த வண்டியில் போனாள். மறுநாள் எங்களையும் அழைத்துப் போனார்கள். நாங்கள் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. துணி போர்த்திய கட்டிலில் நைனா இன்னும் சின்னதாகத் தெரிந்தார்.

அதற்குப் பிறகு அம்மா அந்தக் கதையைச் சொல்லவில்லை. மல்லாட்டை உரித்தோம். உரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. லயன் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குள் ஓர் அறைக்கு வந்தோம். அம்மா இட்லி சுட்டு விற்றாள். புதிதாக வந்த யாரோ, “மாறியம்மான்னு ஏன் பேரு?” என்று கேட்டதற்கு, “அம்மன் பேரு” என்று சொல்லிவிட்டாள்.

அக்காவுக்கு வரன் வந்தது. திண்டிவனம் பக்கத்தவர்கள்தான். வந்தவர்களில் ஆண்கள் நாலைந்து பேர். எல்லோரும் உட்கார்ந்து வெற்றிலையை எடுக்கும் நேரத்தில் அம்மா நடுவில் வந்து நின்றாள்.

“மாப்பிள்ள யாருங்க?”

ஒருவர் கை காட்டினார்.

“காட்டினா ஆவாது. எழுந்து தனியா நில்லுங்க தம்பி.”

அந்தப் பிள்ளை மிரண்டுபோய் எழுந்து நின்றது. அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பி, “இதோ இவருதாண்டி. பக்கத்துல வந்து நல்லாப் பாத்துக்க” என்றாள். மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னாம்மா இது, சந்தையில மாடு புடிக்கிறாப்புல?” என்றார்.

“மாட்டத் திருப்பி வித்துடலாங்க,” என்றாள் அம்மா.

அக்கா பார்த்தாள். பிடித்திருக்கிறது என்றாள். அந்தப் பிள்ளை அதுவரைக்கும் நின்றுகொண்டே இருந்தது.

அவர்கள் போன பிறகு அம்மா எங்கள் மூன்று பேரையும் உட்காரச் சொன்னாள். மடியில் முறம் இல்லை. கையில் வேலை இல்லாமல் அவள் பேசி நாங்கள் பார்த்ததே இல்லை.

“நான் உங்ககிட்ட பாதிக் கதைதான் சொல்லியிருக்கேன். கல்யாணமாயி லயனுக்கு வந்தப்ப எனக்கு எஞ்சின் சத்தம்னா உயிரே போவும். வூட்டுக்குப் பக்கத்துலயே வந்து புஸ்ஸுன்னு ஆவி வுடும். மொத நாளு நான் பயந்து கத்தினத உங்க நைனா பாத்துட்டாரு. அப்பறம் எஞ்சின் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம், கையில இருக்கிற வேலையப் போட்டுட்டு, தண்டவாளத்தத் தாண்டித் தாண்டி ஓடி வருவாரு. வாசல்ல நின்னு, ‘இப்ப ஒரு சத்தம் வரும், பயப்படாத’ன்னுட்டு, வந்த வழியே ஓடுவாரு. டேசன் மாஸ்டர் திட்டுவாரு. இருந்தாலும் வருவாரு. எனக்குப் பயம் போயி ரொம்ப நாளாயும், போயிடுச்சின்னு நான் சொல்லல. சொன்னா வராம பூடுவாரேன்னு.”

தம்பி சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை.

“அப்பவே புடிச்சிப்போச்சு. அத மட்டும் அவருகிட்ட நான் சொல்லல. ஒசரம் ஒசரம்னே சொல்லிக்கினு இருந்தேன். அவரும் சிரிச்சாரு. உள்ள என்னா நெனச்சிக்கினு சிரிச்சாரோ.”

“ஆஸ்பத்திரியிலயாவது சொல்லியிருக்கலாமேம்மா,” என்றேன் நான்.

“ஒரு பகல் பூரா பக்கத்துலதான் இருந்தேன். தெளிவாத்தான் பேசினாரு. நாக்கு நுனி வரைக்கும் வந்துது. இத்தினி வருசம் சொல்லாதவ இப்பப் போயி சொன்னா, நம்ம கத முடிஞ்சுதுன்னு நெனச்சிக்குவாரேன்னு பயந்துட்டேன். வூட்டுக்கு வரட்டும், களி கிண்டிப் போட்டுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.”

“நைனாவுக்குத் தெரிஞ்சிருக்கும்மா,” என்றாள் அக்கா.

“தெரிஞ்சிருக்கும். ஆனா தெரியறது வேற, காதால கேக்கறது வேற.”

அன்றோடு அம்மாவுக்குப் புதிதாக ஒரு கிறுக்கு பிடித்தது. யாரைப் பிடித்திருந்தாலும் அந்த இடத்திலேயே, அந்த நிமிஷமே சொல்லிவிடுவாள். தயிர்க்காரியை வழியில் நிறுத்தி, “உன்ன எனக்கு ரொம்பப் புடிக்கும்டி” என்பாள். அம்மா கடன் கேட்கப் போகிறாள் என்று பயந்து தயிர்க்காரி இரண்டு நாள் வேறு தெரு வழியாகப் போனாள். மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளையிடம், வாயில் சோறு இருக்கும்போது, “உங்கள எங்களுக்கெல்லாம் புடிச்சிப்போச்சுங்க” என்று சொல்லி அவருக்குப் புரையேற வைத்தாள். சிநேகிதிகளுக்கு நடுவில் நான் நிற்கும்போது வந்து சொல்லுவாள். எனக்கு மானம் போகும்.

தம்பிக்கு மெட்ராஸில் வேலை கிடைத்தது. சுதந்திரம் வந்த சமயம். அம்மாவும் நானும் அவனை வண்டியேற்ற ஜங்ஷனுக்குப் போனோம். கூட்டம் நெரிந்தது. தம்பி எப்படியோ ஜன்னல் ஓரம் பிடித்து உட்கார்ந்தான். வண்டி நகர்ந்தபோது அம்மா என்னவோ சொன்னாள். சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. காதில் கை வைத்து, “என்னாம்மா?” என்றான்.

அம்மா புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வண்டியோடு ஓடினாள். பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி, “உன்ன எனக்கு ரொம்பப் புடிக்கும்டா” என்றாள். வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வெட்கத்தில் முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டான்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்த அம்மா, “கேட்டிருக்குமா?” என்று என்னைக் கேட்டாள். கேட்டது என்றேன். எனக்கும் அந்த வண்டியில் எங்காவது போக வேண்டிய வேலை இருந்து, அம்மா என் ஜன்னலோடும் ஓடி வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.