வாலைக்குப் பூர்வீகம் எது?

சிங்காநல்லூரில் என் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தெளிவோடு திரும்பியவர் இன்றுவரை எவருமில்லை. தெருவில் அவருக்குப் பெயர் வாலைக்காரர். செப்புப் பானையில் ஓமத்தைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குழாயில் குளிரவைத்து, ஓமவாட்டராக இறக்குவார். அந்தச் சாதனத்தின் பழைய பெயர்தான் வாலை. அவருடைய ஓமவாட்டர் வயிற்றைச் சரிசெய்யும்; பேச்சு தலையைக் கிறுகிறுக்க வைக்கும்.

எங்கள் பக்கம் பெண் எடுக்குமுன் என்ன கூட்டம், அதாவது எந்தக் குலம், எது குலதெய்வம் என்று விசாரிப்பார்கள். இவர் வார்த்தைகளையும் அப்படியே விசாரிப்பார்.

“கொழாய் வாலாட்டம் தொங்குதல்லங்க, அதான் வாலை” என்பார் காலையில். மத்தியானம், “அதெல்லாம் இல்லீங்க. வால்னா பழைய தமிழ்ல தூய்மைங்க” என்பார். சாயங்காலம், “வாலுகம்னா மணலுங்க. மணல் சூட்டுல வெச்சு வடிச்சாங்க” என்பார். மூன்றுக்கும் சத்தியம் செய்வார்.

அவருடைய ஒரே மகள் சுகந்தியைப் பெண் பார்க்கத் தாராபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. பையனை அவளுக்கு முன்பே பிடித்துப்போயிருந்தது. அவனுடைய அப்பாவுக்கோ குடி என்றாலே ஆகாது.

“அண்ணா, அப்பா வாலைன்னு ஆரம்பிச்சா, சாராயம் காச்சற ஊடுன்னு நெனச்சுப்போடுவாங்க. நீங்கதான் பாத்துக்கோணும்” என்றாள்.

சொன்னேன். “வாயே தொறக்கமாட்டனுங்க” என்று வாலைக்காரரும் ஒப்புக்கொண்டார்.

வந்தார்கள். காபி குடித்ததும் பையனின் அப்பா பின்பக்கம் எட்டிப் பார்த்தார். “ஏனுங்க, அங்க என்னமோ பொகையுதுங்களே?”

“வாலைங்க!”

வாலைக்காரரின் காலை மிதித்து அடக்கப் பார்த்தேன். பதற்றத்தில் மிதித்தது பையனின் அப்பாவுடைய காலை. அதற்குள் வால், தூய்மை, மணல் எல்லாம் வரிசையாக வந்துவிட்டன. விருந்தாளி விழி பிதுங்கக் கேட்டார்: “செரிங்க, அதுல எறக்கறது என்னங்க?”

“அதைப் பொறவு சொல்றனுங்க. மொதல்ல பூர்வீகத்த முடிச்சுப்போடறேன்!”

பெண்ணைப் பிடித்ததா இல்லையா என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டார்கள். நான் ஓடிப்போய்க் கார் ஜன்னலில் ஒரு பாட்டிலைத் திணித்து, “வெறும் ஓமவாட்டருங்க!” என்று கத்தினேன். சுகந்தி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை தாராபுரத்திலிருந்து போன். வாலைக்காரர் வெகுநேரம் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. போனை வைத்ததும் சுகந்தி ஓடிவந்து, “என்னங்கப்பா சொன்னாங்க?” என்றாள்.

“பையனோட அப்பா ராத்திரியெல்லாம் தூங்காம யோசிச்சாராமா கண்ணு. வால்ங்கறது செரியில்லைங்கறாரு. மணல்தான்னு அடிச்சுச் சொல்றாரு.”

“அப்பறம்?”

“அப்பறம் என்ன, எனக்கு ஒத்துக்க முடியல... ஆங், ஓமவாட்டரு வயித்துக்கு நல்லாக் கேட்டுச்சாமா, தை மாசம் கல்யாணத்தை வெச்சுக்கலாமாமா.”

சுகந்தி அழுதுகொண்டே சிரித்தாள். கல்யாணம் முடிந்து அவளை அனுப்பிவைத்த அன்று, வாலைக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் போன திசையைப் பார்த்தபடியே கேட்டார்:

“இனி நான் பேசுனா ஊம் கொட்ட ஆரிருக்கறாங்க?”

“நானிருக்கறனுங்க” என்றேன்.

அவர் சொல்வதில் ஒன்றுகூட எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் ஒருநாள் அவர் குரல் கேட்காவிட்டால், நானே காம்பவுண்டைத் தாண்டிப் போய்விடுகிறேன்.