ஆதம்பாவா அணைத்த விளக்கு

வெள்ளிக்கிழமை காலை காரை ஸ்டார்ட் செய்தபோது, ஆதம்பாவாவின் முகத்துக்கு நேரே, மீட்டர் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. வாங்கிய இரண்டு வருடத்தில் அந்த ஜப்பான் கார் இப்படிக் கண் சிவந்ததில்லை.

வேறு நாளென்றால் கவலைப்பட்டிருக்க மாட்டார். அன்று ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மாவடிப்பள்ளி ஸலாஹுதீன் ஹாஜியார் கார் பார்க்க வருகிறார். கார் விலைப்பட்டால்தான் மகள் றாஹிலாவுக்குக் கட்டும் வீட்டுக்கு ஓடு போடலாம். கூரையில்லாத வீட்டுக்குப் பாலமுனை மாப்பிள்ளையை எப்படி அழைப்பது? கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

டிராக்டர் திருத்தும் சரீப்புக்கு ஆள் அனுப்பினார். மூத்தவர்களையெல்லாம் அண்ணன் முறையில் 'காக்கா' என்றழைக்கும் அவன் வந்து குனிந்து பார்த்தான்.

"தண்ணி குறைஞ்சாத்தான் காக்கா இது எரியும்."

ரேடியேட்டர் மூடியைத் திறந்தார்கள். விளிம்பு வரை தண்ணீர் நின்றது.

"நிறைஞ்சுதானே கிடக்கு?"

"ஓம். அப்ப லைட்டுலதான் பிழை."

"பக்கத்துல வெள்ளைப் போத்தலொண்டு வெறுமையாக் கிடக்கே?"

"அது கண்ணாடி கழுவுற தண்ணிக்குக் காக்கா. மழைக்குப் பாத்துக்குவம்."

டிராக்டரில் இல்லாத எதையும் சரீப் மதிப்பதில்லை. ஒரு வயரை வெட்டினான். விளக்கு அப்படியே எரிந்தது. ஹோர்ன் மட்டும் நிற்காமல் அலறியது. மாப்பிள்ளை வீட்டார் நாள் மாறி வந்துவிட்டார்களோ என்று அடுத்த வளவு சுபைறா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

ஹோர்னை அடக்கிவிட்டு, ஸ்குரூ டிரைவரால் விளக்கையே நெம்பினான் சரீப். கண்ணாடி நொறுங்கியது. பல்ப் உள்ளே எங்கோ விழுந்தது. அந்த இடத்தில் பெருவிரல் போகுமளவு ஓட்டை.

"இனி எரியாது காக்கா," என்றான். அதில் பொய்யில்லை.

மனைவி அஸீஸா வந்து எட்டிப் பார்த்தாள். "ஓட்டையக் கண்டா மனிசன் வந்த வழியே போயிருவார்."

உள்ளே போனவள், அவள் தம்பி ஹஜ்ஜுக்குப் போய் வந்தபோது கொடுத்த 'மாஷா அல்லாஹ்' ஸ்டிக்கரோடு வந்தாள். ஓட்டைக்கு மேலே அழுத்தி ஒட்டினாள். "இதப் பிச்சுப் பாக்க ஆருக்குத் துணிவு வரும்?"

ஜும்ஆவுக்குப் பிறகு ஹாஜியார் டிராக்டரில் வந்து இறங்கினார். டிரைவர் தங்கத்துரையும் கூட வந்திருந்தான். காரைதீவுக்காரன்; அதிகம் பேசமாட்டான். ஹாஜியார் ஸ்டிக்கரைக் கண்டு முகம் மலர்ந்தார். கல்முனை பஸ் டிப்போ வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். வழி நெடுக டிரைவரின் கண் ரோட்டில் பாதி, மீட்டர் பலகையில் பாதி.

"முதலாளி, இதுல தண்ணிக்கொரு சிவப்பு லைட் இருக்குமே?" என்று ஆதம்பாவாவிடம் கேட்டான்.

அவர் அவசரமாகக் கையை ஆட்டினார். "சேச்சே, அப்படியொண்டும் எரியிறல்ல."

வீட்டுக்கு வந்ததும் தங்கத்துரை பொனட்டைத் திறந்தான். ரேடியேட்டருக்கான தண்ணீர் நிற்கும் அந்த வெள்ளைப் போத்தலுக்குள் விரலை விட்டான். விரல் காய்ந்தபடியே வெளியே வந்தது.

"லைட் இருக்கெண்டுதான் கேள்விப்பட்டம்."

"இந்தக் காருல அப்படி லைட்டே இல்ல தம்பி. வேணுமெண்டாப் பள்ளிவாசல்ல வந்தும் சொல்லுவன்."

ஹாஜியார் பெருமூச்சு விட்டார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு டிராக்டரை நோக்கி நடந்தார்.

ஆதம்பாவா டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன தம்பி, கார்ல அப்படி என்ன குறை கண்டார்?"

தங்கத்துரை பொனட்டை மெல்ல மூடினான்.

"கார்ல ஒரு குறையும் இல்ல முதலாளி. தண்ணி வத்தினது தெரியாம ஓடி எங்கட வேன் எஞ்சின் எரிஞ்ச நாளிலயிருந்து, இந்தப் போத்தல் காஞ்சா சிவப்பு லைட் எரியிற காரத்தான் ஹாஜியார் ஆறு மாசமாத் தேடித் திரியிறார்."