பத்தே வருஷத்தில் வந்துவிடும்

பஞ்சம், வறட்சி, நோய், போர், தனிமை, வழுக்கை ஆகிய ஆறு துன்பங்களுக்கும் ஒரே மருந்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியும் ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது. அந்த மருந்து மாத்திரையல்ல, களிம்பல்ல. ஒரே ஒரு சொல்: ‘வந்துடும்.’ என்ன வரும்? கருவி வரும். யார் கொண்டுவருவார்? யாராவது. எப்போது? பத்தே வருஷத்தில். இருபது வருஷத்துக்கு முன்பும் பத்தே வருஷம் என்றுதான் சொன்னார், இன்றும் அதையேதான் சொல்கிறார். வாக்கு மாறாத மனிதரை நாம் என்னவென்று குறை சொல்வது?

இந்த வந்துடும்காரரை அடையாளம் கண்டுகொள்வது வெகு சுலபம். இழவு வீட்டில், அழுது கண் வீங்கிப்போன மகனின் தோளில் கை வைத்து, “இன்னும் பத்தே வருஷம், சாவுக்கே மருந்து வந்துடும். அப்பா கொஞ்சம் அவசரப்பட்டுட்டார்” என்று ஆறுதல் சொல்பவர் இவர்தான். காற்றிலிருந்து தண்ணீர் பிழியும் இயந்திரத்தின் வீடியோவை எதிராளியின் மூக்குக்கு நேராக நீட்டி இவர் விளக்கிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், இவர் வீட்டுச் சமையலறைக் குழாய் எட்டாவது மாதமாகச் சொட்டிக்கொண்டிருக்கும். ஒரு வாஷர் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மனைவி குழாயின் கழுத்தில் பழைய துணியைக் கட்டி, அடியில் வாளி வைத்திருப்பாள். “என்னங்க, இந்தக் குழாய்...” என்று அவள் வாயெடுத்தால் போதும். “உலகத்துல எத்தனை கோடிப் பேருக்குக் குடிக்கவே தண்ணியில்ல தெரியுமா? நீ குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே” என்பார். அவள் வாளியை மாற்றி வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

நம் கையில் அகப்பட்டிருக்கும் வந்துடும்காரர், மின்விசிறி விற்கும் கம்பெனி ஒன்றில் உதவி மேலாளர். அத்தோடு, தான் குடியிருக்கும் ஆறு மாடிக் கட்டடத்தின் சங்கச் செயலாளர். யார் செயலாளராக இருக்கிறீர்கள் என்று கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இவர் மட்டும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி காதில் விழாததால் மறுக்கவில்லை, மறுக்காததால் தேர்வானார்.

பதவிக்கு வந்ததும் அவர் கண்ணில் பட்டது லிஃப்ட். அதன் கதவுக்குப் பக்கத்தில் மெக்கானிக்கின் போன் நம்பர் கறுப்புப் பெயின்டில் எழுதியிருந்தது. லிஃப்ட் நின்றால் யாராவது அந்த நம்பருக்குப் போன் பண்ணுவார்கள், மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே வருவார், எதையோ தட்டுவார், லிஃப்ட் ஓடும். இது ஒரு முறையா? காட்டுமிராண்டித்தனம் அல்லவா? செயலாளர் கொதித்துப்போனார். நம்பரின் மேல் வெள்ளையடித்தார். புகார்களையெல்லாம் செயலி வழியாகத்தான் பதிய வேண்டும், போனில் கூப்பிட்டால் வரக்கூடாது என்று மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிக்கொண்டார். லிஃப்ட்டின் உள்ளே சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவியையும் பொருத்தினார். லிஃப்ட் ஓடும்போது எத்தனை முறை குலுங்குகிறது என்று அது எண்ணும். குலுங்கினால் செயலாளரின் போனில் சிவப்பு எரியும், குலுங்காவிட்டால் பச்சை. மெக்கானிக்கின் போனிலும் அப்படியே.

அடுத்த வாரமே லிஃப்ட் கீழ்த்தளத்தில் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டது. நின்ற லிஃப்ட் குலுங்குமா? குலுங்காது. போனில் பச்சை எரிந்தது. மறுநாளும் பச்சை. பதினேழு நாளும் பச்சை. புகாரை யாராவது பதிந்திருப்பார்கள் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டு படியேறினார்கள்.

பதினேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடியில் சங்கக் கூட்டம். ஆறு மாடியையும் காலால் ஏறி வந்து, மார்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர்களின் முன்னால், செயலாளர் போனை உயர்த்திக் காட்டினார். “பதினேழு நாளா நம்ம லிஃப்ட்ல ஒரு பழுது கூட இல்ல. ஒண்ணு கூட!” கூட்டம் மூச்சை விட்டுவிட்டுக் கைதட்டியது. நீங்கள் நம்பமாட்டீர்கள், ஒருவர் எழுந்து நின்று தட்டினார்.

இதே கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் செயலாளரின் சொந்த அக்கா இருக்கிறாள். கணவனை இழந்தவள், பள்ளிச் சீருடை தைத்துப் பிழைப்பவள். முட்டி தேய்ந்து படியில் கால் வைக்க முடியாது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருந்தாள். கண்தான் கைவிட்டுவிட்டது. வலது கண் போன வருஷமே போய்விட்டது. இடது கண்ணும் புகை மூடிக்கொண்டு வந்தது, ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் நாலு மாதம் காத்திருந்து அறுவைக்கு ஒரு தேதி வாங்கியிருந்தாள். வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. நேரம் தவறினால் வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும். இன்னும் தாமதித்தால் இந்தக் கண்ணும் தங்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை தம்பியைக் கூப்பிட்டனுப்பினாள். “தம்பி, வியாழக்கிழமைக்குள்ள லிஃப்ட்டைச் சரி பண்ணச் சொல்லுடா.”

“புகார் பதிஞ்சியா அக்கா?”

“நீதான் எதிரே நிக்கிறியே, உங்கிட்டதானே சொல்றேன்?”

செயலாளருக்கு உண்மையிலேயே மனம் நொந்துவிட்டது. சொந்த அக்காவே முறையை மதிக்காவிட்டால் ஊரான் எப்படி மதிப்பான்? பெருந்தன்மையோடு தன் போனையே அவள் கையில் கொடுத்துச் செயலியைத் திறந்துவிட்டார். அது முதலில், ‘நீங்கள் இயந்திரம் அல்ல என்று நிரூபியுங்கள்’ என்றது. ஒன்பது சின்னப் படங்களைக் காட்டி, எவற்றில் சைக்கிள் இருக்கிறது என்று கேட்டது. அக்கா போனை மூக்கில் ஒட்டிப் பார்த்தாள், தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். மூன்று தரம் தொட்டாள். மூன்று தரமும் அவள் இயந்திரம் என்றே தீர்ப்பாயிற்று.

“கண்ணு தெரியாமத்தானேடா ஆஸ்பத்திரிக்குப் போறேன்? நீயே தொட்டுக் குடுத்துடேன்.”

“அது மோசடி அக்கா. உன் புகாரை நீதான் பதியணும். கவலைப்படாதே, பத்தே வருஷத்துல கண்ணையே அச்சடிச்சுக் குடுக்கப் போறான், அறுவையே தேவைப்படாது” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இறங்கும்போது முட்டி வலித்தது. படி ஏறும் நாற்காலி ஒன்று எங்கோ தயாராகிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்து, வலி மறந்துபோயிற்று.

புதன்கிழமை மாலை நாலாம் மாடி பஸ் டிரைவர் வந்தார். “சார், நாளைக்கு ஏழு மணிக்கு நானும் என் மச்சானும் அக்காவை நாற்காலியோட தூக்கி இறக்கிடறோம். அதுக்கப்புறம் எனக்கு டூட்டி.”

செயலாளர் சிரித்தார். சின்னப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. “ரெண்டு பேர் முதுகு உடையணுமா? உதவி வேணும்னு நம்ம கட்டட வாட்ஸ்அப் குழுவுல அறிவிப்பு போட்டாச்சு. இதுவரைக்கும் நாப்பத்திமூணு பேர் கட்டைவிரல் காட்டியிருக்காங்க. நாப்பத்திமூணு! நீங்க நிம்மதியா டூட்டிக்குப் போங்க.” டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

வியாழன் காலை ஏழு மணிக்கு ஒருவரும் வரவில்லை. ஏழரைக்கு வரவில்லை. ஒருவர் குழுவில் ஒரு பூங்கொத்துப் படம் போட்டார். எட்டு மணிக்கு அக்கா, ஆஸ்பத்திரிக் காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே அடுத்த படிக்கு நகர்ந்தாள். பிறகு அடுத்தது. தம்பி மனைவி பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்துத் தாங்கினாள். செயலாளர் முன்னால் போய்க்கொண்டே, “இப்பப் பத்துப் பேராவது வந்துடுவாங்க, கொஞ்சம் பொறு அக்கா” என்று போனைத் தடவிக்கொண்டிருந்தார். நூறு படிகள். ஒரு மணி பத்து நிமிஷம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதே முக்கால். அவள் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்தவரை உள்ளே அனுப்பியிருந்தார்கள். இனி நாலு மாதம் கழித்து.

திரும்பி வந்தபோது செயலாளரின் மனைவி யாரையும் கேட்கவில்லை. தன் போனில் தேடி மெக்கானிக்கைப் பிடித்தாள். “செயலியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். இப்ப வரீங்களா இல்லையா?”

வந்துவிட்டார். குனிந்து கதவு ஓடும் இடுக்கைப் பார்த்தார், திருப்புளியை விட்டு நெம்பினார். ஒரு பாட்டில் மூடி தெறித்து விழுந்தது. கதவு மூடிக்கொண்டது. ஐந்து நிமிஷம்.

“இதுக்கா இத்தனை நாளு? தினமும் போனைப் பார்க்கறேன் சார், பச்சையாத்தானே இருந்துச்சு? நான் என்னத்தைக் கண்டேன்?” என்றார் மெக்கானிக்.

செயலாளர் அந்த மூடியைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. “இதுக்குத்தான் தலையால அடிச்சுக்கறேன். இடுக்குக்குள்ள ஒரு கேமரா வச்சிருந்தா இது நடந்திருக்குமா?”

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “தம்பி, நாலு மாசத்துக்குள்ள எனக்கு இந்தக் கண்ணும் போயிடும்டா” என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். செயலாளரோ, கேமராவை எந்தக் கோணத்தில் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு வயிறு எரிகிறதா? அந்த ஆளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போலிருக்கிறதா? நல்லது, நியாயமான கோபம். ஆனால் செயலாளர் ஒருவர்தானே? கட்டைவிரல் காட்டியவர்கள் நாற்பத்துமூன்று பேர். ஏழு மணிக்கு அத்தனை பேரும் வீட்டில்தான் இருந்தார்கள், பல் துலக்கிக்கொண்டு, ‘யாராவது போயிருப்பாங்க’ என்று நினைத்துக்கொண்டு. அந்தப் பெயர்ப் பட்டியல் என்னிடம் இருக்கிறது. முப்பது பெயர்வரை படித்துவிட்டேன், உங்கள் பெயர் இன்னும் வரவில்லை. மீதியையும் படிக்கவா?