வேணாம் அண்ணனும் என் சீர் அண்டாவும்

வந்த வியாபாரத்தை வாசலோடு திருப்பி அனுப்புவதில் அரிமளம் லேப்டாப் கடைக்காரரை மிஞ்ச புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஆள் கிடையாது. எதைக் கேட்டாலும் முதல் பதில் "வேணாம்"தான். அதனால் அவர் பெயரே வேணாம் அண்ணன் ஆகிவிட்டது.

ஒருமுறை வல்லத்திராக்கோட்டைக்காரர் ஒருவர் மகளுக்குப் புது லேப்டாப் கேட்டு வந்தார். "பழசு ஓடுதுல்ல? வேணாம். அதக் கொண்டாங்க, சரி பண்ணித் தாரேன்" என்றார் அண்ணன். வந்தவர் விடாமல் கெஞ்சினார். அண்ணன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

என் முறையும் வந்தது. ஒரு கம்பெனிக்காக வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே ஆன்லைனில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கொஞ்ச நாளாகப் பாடத்தின் நடுவில் படம் அப்படியே நின்றுவிடும். "மிஸ், வாயத் தொறந்துக்கிட்டே நிக்கிறீங்க" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். கம்பெனி சிரிக்கவில்லை. இன்னொரு வகுப்பு அறுந்தால் வேறு டீச்சர் பார்த்துக்கொள்கிறோம் என்று மெயில் போட்டது. வீட்டில் மாதம் தவறாமல் வருவது அந்தச் சம்பளம் ஒன்றுதான். பயந்துபோய் அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணே, வைஃபை ஏழுன்னு புதுசா வந்திருக்காமே. அது உள்ள லேப்டாப் ஒண்ணு குடுங்க."

"வேணாம்."

"என் வேலையே போயிரும்ணே."

"ஒங்க ரௌட்டர் பழசுதானே? லேப்டாப்புல மட்டும் ஏழு இருந்து என்ன செய்ய? மொதல்ல அந்த ரௌட்டர் பெட்டி எங்கிட்டு இருக்குன்னு பாக்கணும். சாயங்காலம் வாரேன்."

சொன்னபடி வந்தார். பெண் பார்க்க வந்தவர் மாதிரி வீட்டை ஒரு சுற்று நோட்டம் விட்டு, ஹால் அலமாரி முன்னால் நின்றார். மேல்தட்டில் என் கல்யாணச் சீர்ப் பாத்திரங்கள் வரிசையாக மின்னின. வயரும் பெட்டியுமாகப் பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று, போன பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது ரௌட்டரை அண்டாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்த புண்ணியவதி நானேதான். தடங்கல் ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"எவர்சில்வர்ல மதில் கட்டி வச்சிருக்கீங்க தங்கச்சி. ஏழு என்ன, எழுபது வந்தாலும் சிக்னல் இதத் தாண்டாது."

ஸ்டூல் போட்டு ஏறி, அண்டா, குடம், தூக்கு என்று ஒவ்வொன்றாக அவரே இறக்கினார். கட்டில் நிறைந்தது, சோபா நிறைந்தது. வகுப்புக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது.

"கெளம்புங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்."

"வேணாம். முடியிற வரைக்கும் இருக்கேன். அறுந்துச்சுன்னா என் லேப்டாப்புல எடுங்க" என்று பையிலிருந்து தன்னுடையதை எடுத்து என் பக்கத்தில் வைத்தார்.

முக்கால் மணி நேரம் படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. "மிஸ், இன்னைக்கு அசையறீங்க" என்றது ஒரு வாண்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்து பார்த்தால், உட்கார இடமில்லாமல் வாசல்படியில், அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"அறுந்துச்சா?"

"இல்லண்ணே."

அப்புறம்தான், நான் வைத்துவிட்டுப் போன காப்பியை எடுத்தார். அது எப்போதோ ஆறியிருந்தது.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. சீர் வரிசையன்று தட்டைத் தூக்கி வர ஆளில்லையே என்று அம்மா அழுதாள். அம்மா இப்போது இருந்திருந்தால், அந்த வாசல்படியைக் காட்டியிருப்பேன்.